அனந்தன், முதல் அதிகாரம், ஒன்பதாம் வசனம்

மலேசியாவில், பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தமிழ்ச் சபைக்கு ஏறிப்போக இருபத்திரண்டு படிகள். பதினெட்டு வருடங்களாக ஞாயிறு தவறாமல் மனைவியை அந்தப் படிக்கட்டின் அடிவரை கொண்டுவந்து விடும் அனந்தன், முதல் படியில்கூட ஒருநாளும் கால் வைத்ததில்லை. காலில் ஒரு கோளாறும் இல்லை. கொள்கை. மேலே பாட்டும் பிரசங்கமும் முடியும்வரை அவர் பக்கத்துத் தெருவோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரும் வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது ஒரு கிரேக்க ஞானியின் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பார். சபையார் இறங்கி வரும் நேரத்தில் புத்தகத்தின் அட்டை அவர்கள் கண்ணில் படும்படி தூக்கிப் பிடித்துக்கொள்வார் என்று அவர் மனைவி சுகந்தினி சொல்வாள். அது பொய்யில்லை.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அனந்தன். ரப்பர் கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது அங்கே வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். சுகந்தினியின் வேதத்துக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் தடுத்ததில்லை. "ஊத்துங்கோ, ஊத்துங்கோ, எனக்குப் பூச்செடிக்குத் தண்ணி மிச்சம்," என்பாள்.

அவருக்கு மிகவும் பிடித்த ஓட்டை, மேய்ப்பன் கதையில் இருந்தது. நூறு ஆடு வைத்திருந்தவன், தொண்ணூற்றொன்பதைக் காட்டில் அப்படியே விட்டுவிட்டுக் காணாமல் போன ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறானாம். "இவனை எங்கட ஃபேக்டரியில ஒருநாள் வேலைக்கு வச்சிருக்க மாட்டாங்கள்," என்பார் அனந்தன். முப்பத்தைந்து வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் அப்போதுதான் தோன்றியதுபோலச் சிரிப்பார்.

வருடப் பிறப்பன்று காலை ஆராதனையில் வாக்குத்தத்தம் எடுப்பது அந்தச் சபையின் வழக்கம். உள்ளங்கை அளவு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம், கீழே எந்தப் புத்தகம், எத்தனையாம் அதிகாரம், எத்தனையாம் வசனம் என்று சுருக்கக் குறிப்பு, சுற்றிலும் திராட்சைக் கொடி. எல்லாவற்றையும் ஒரு தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்தது எதுவோ, அதுதான் அந்த வீட்டுக்கு அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் சொன்ன சொல். டிசம்பர் வரை அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அட்டைகளை அச்சடித்து வெட்டிக் கொடுப்பது சுகந்தினியின் ஊழியம். இந்த முறை அவளுக்கு வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆகி, கட்டுப் போட்டிருந்தது. கத்திரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

"நான் செய்து தாறன்," என்றார் அனந்தன்.

சுகந்தினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களை நம்பலாமோ?"

"பிரிண்டருக்கு நம்பிக்கை தேவையில்லை. மையும் தாளும் போதும்."

நூற்றுப் பத்தொன்பது அட்டை. தாளுக்கு எட்டு என்று அடித்துக்கொண்டே வந்தால், பதினைந்தாம் தாளில் ஒரு கட்டம் மிச்சம் காலியாக நின்றது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்த கடைசி வசனம் எது என்று பார்த்தார். வழிதப்பிப் போனதைத் தாமே தேடிப் போவதாக ஆண்டவர் சொல்லும் வசனம். பழைய மேய்ப்பன் விவகாரம். அனந்தனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தாமே யோசித்துக் கண்ட உண்மைகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். அதுவரை எட்டு உண்மைகள் சேர்ந்திருந்தன. ஒன்பதாவதை நேராகக் காலிக் கட்டத்தில் தட்டினார்.

"தொண்ணூற்றொன்பது பத்திரமாக இருக்கும்போது தொலைந்த ஒன்றைத் தேடி அலையாதே."

மற்ற அட்டைகளைப் போலவே இருக்கட்டுமே என்று கீழே 'அன. 1:9' என்றும் போட்டார். அனந்தன், முதல் அதிகாரம், ஒன்பதாம் வசனம்.

விளையாட்டுத்தான் எண்ணம். புத்தாண்டுக் காலையில் சுகந்தினியின் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தால் அவள் எடுத்துப் படித்து முகத்தைச் சுளிப்பாள், இவர் சிரிப்பார், வருடம் நல்லபடி தொடங்கும். தாள்களை வெட்டினார். நூற்றுப் பத்தொன்பதைக் கவிழ்த்து அடுக்கி ரப்பர் பேண்டு போட்டார். ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதுகுப் பக்கம் எல்லாம் ஒரே வெள்ளை. மயிரிழை ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர், பையில் போட்டதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

புத்தாண்டுக் காலையில் சுகந்தினி கோப்பையைத் தூக்கினாள், அட்டையைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. கணவனை நீண்ட நேரம் பார்த்தாள். கண் கலங்கியதுபோலக்கூட இருந்தது. அட்டையைத் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்து போனாள். அனந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பத்தைந்து வருட வாதம் ஒருவழியாக அவள் மண்டையில் ஏறிவிட்டதோ என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அடுத்த சில நாட்களும் மேசையில் நண்டுக்கறி, சொதி, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல். காரணம் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரும் பேசாமல் சாப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. அனந்தன் சமையலறையில் எல்லாருக்கும் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பது எந்தக் கொள்கைக்கும் விரோதமில்லை.

"அக்கா, இந்த 'அன.'ன்னா எந்தப் புஸ்தகம்? மூனு வாட்டி தேடிட்டேன், கெடைக்கல," என்று ஒரு குரல் கேட்டது.

பேசியவள் அழகம்மா. பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவள். சபை வேனில் வந்துபோவாள். ஐம்பத்திரண்டு வயது, கணவன் இல்லை, இரண்டு பெண்களும் கட்டிக்கொடுத்து நன்றாக இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள், வேதத்தில் எந்த வசனத்தைக் கேட்டாலும் பக்கத்தைப் புரட்டாமல் சொல்வாள். அவளுக்கே கிடைக்காத வசனம் என்றதும் முன்கூடத்தில் ஆறு வேதப் புத்தகங்கள் சரசரவென்று புரண்டன.

"கத்தோலிக்கரிட வேதத்தில கொஞ்சப் புத்தகம் கூட இருக்குதாம்," என்றாள் பூரணம். ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரித் தாதி, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். "அதில இருக்கும்."

"அவங்க கார்டு நம்ம தட்டுல எப்படி வந்துச்சு?" என்றாள் அழகம்மா.

"ஆண்டவருக்கு எல்லாச் சபையும் ஒண்டுதானே."

உமாராணி என்ற இளம்பெண் அட்டையை வாங்கி உரக்கப் படித்தாள். சமையலறையில் அனந்தனின் கையிலிருந்த தேநீர் கோப்பையை விட்டு விலகி மேசையில் ஓடியது.

அழகம்மா சொன்னாள்: "எனக்கு ஒரு தம்பி இருக்கான், பிச்சைன்னு. ஒங்க யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மா சாவுக்குக் குடிச்சிட்டு வந்து, பொணத்த எடுக்கறப்ப குறுக்க விழுந்தான். என் மூஞ்சில முழிக்காதடான்னு சொல்லிட்டேன். போனவன்தான். ஒன்பது வருசம். கோத்தா கோலா மூடா படகு ஜெட்டியில மீன் எறக்குறான்னு கேள்விப்பட்டு, மாசா மாசம் ரெண்டாவது சனிக்கெழம ரெண்டு பஸ் மாறிப் போவேன். கேட்டா, இப்பதான் இங்க நின்னான், இப்பதான் போனான்பாங்க. ஒருநாளும் கண்ணுல பட்டதில்ல. எம் பிள்ளைங்க, தங்கச்சி, எல்லாரும் விட்டுத் தொலன்னு சொல்லிட்டாங்க. நான் ஆண்டவர்கிட்டயே கேட்டேன். இந்த வருசம் நீங்க சொல்லிருங்க, போறதா வேணாமான்னு. சொல்லிட்டாரு லா."

"அப்ப இந்தச் சனிக்கிழம?" என்றாள் உமாராணி.

"போகல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அனந்தனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

சுகந்தினி நல்ல கையால் அந்த அட்டையை வாங்கினாள். ஒருமுறை படித்தாள். தன் வேதப் புத்தகத்தைத் திறந்து கோப்பைக்கு அடியில் கிடைத்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அனந்தன் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டு, தேவையில்லாத எதையோ தேடினார்.

எல்லாரும் போன பிறகு இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வைக்க நினைச்சது அவவிட கைக்குப் போயிருக்கு. அவவுக்குப் போக வேண்டியது என்ர கோப்பைக்கு அடியில வந்திருக்கு. அப்பிடித்தானே?"

"வெட்டும்போது மாறிப் போச்சு."

"நீங்கள் மனசறிஞ்சு எனக்கு ஒரு வசனம் தந்தனீங்கள் எண்டு நான் ஒரு கிழமையா எவ்வளவு சந்தோஷப்பட்டனான், தெரியுமோ?" என்றாள் சுகந்தினி. "அந்த நண்டுக்கறியைத் திருப்பித் தாங்கோ."

அனந்தனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தைரியம் வரவில்லை. அவருக்கு இன்னொன்றும் உறுத்தியது. பிள்ளைகள், கூட வேலை செய்தவர்கள், ஒட்டுக்கடைக்காரர் உட்பட, இத்தனை வருடத்தில் அவர் சொன்ன புத்தியைக் கேட்டு நடந்தவர் ஒருவர்கூட இல்லை. அழகம்மாதான் முதல் ஆள். சமையலறையில் நின்றபோது ஒரே ஒரு விநாடி அதில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கப்பட்டார்.

"ஆனா சுகந்தி, நான் எழுதினது பிழையெண்டு சொல்ல மாட்டன். யோசிச்சுப் பார்த்தா—"

"பிழையெண்டு ஆர் சொல்லச் சொன்னது? உங்கட எண்டு மட்டும் சொல்லுங்கோ. சனிக்கிழமைக்கு முன்னம்."

"நீயே சொல்லிவிடேன்."

"எழுதினவர்தான் சொல்லோணும்," என்று அவள் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனாள். அனந்தன் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, சுகந்தினியின் வேதப் புத்தகத்துக்குள் இருந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடாங் மேஹாவுக்குத் தன் மோட்டார் காடியை ஓட்டினார். நாற்றுப் பண்ணையில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் ஆயிரக்கணக்கான செம்பனைக் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. அழகம்மா ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்களா? என்ன இவ்ளோ தூரம்?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்," என்று முதல் பொய்யைச் சொன்னார். அவரோடு பேசியபடியே அவள் கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். அங்கே இலை சுருண்டதும் தண்டு கோணியதுமாய் முப்பது நாற்பது கன்றுகள் தனியாக நின்றன. தண்ணீரை அவற்றுக்கும் விட்டாள்.

"இது என்ன?"

"கழிச்சதுண்ணே. கோணலா வந்தத எல்லாம் புடுங்கிக் குப்பையில போடச் சொல்லுவாங்க. போடணும்தான். மனசு வரல. இப்படி வச்சா நூத்துக்கு ரெண்டு மூனு நிமிந்துக்கும்." குழாயை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "அண்ணே, நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. ஒன்னு போனா போகட்டும்னு விட்டுறலாம்தானே?"

வாழ்க்கை முழுவதும் அனந்தன் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்ற பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார். வரவில்லை.

"நாளைக்குப் போகலன்னு நெனச்சா இப்பவே கையி காலு ஓடல," என்றாள் அழகம்மா. "ஆண்டவர் சொன்னதால தாங்கிக்கிட்டு இருக்கேன். மனுசன் எவனாச்சும் இத சொல்லிருந்தா, இந்தக் குழாயாலயே நாலு வச்சிருப்பேன்."

அனந்தன் அந்தக் குழாயைப் பார்த்தார். நல்ல கனமான குழாய். உண்மையைச் சொல்வதற்கு ஏற்ற நேரம் இதுவல்ல என்று பகுத்தறிவோடு முடிவு செய்து, வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும். அனந்தன் கஞ்சியைக் கிண்டியபடி தொழிற்சாலையை நினைத்தார். தவறான முடிவு ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே போய்விட்டால், அதைப் போட்ட ஆள்தான் போய்ச் சரக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது அங்கே சட்டம். அவர் முப்பது வருடத்தில் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறார். சரி, அவர் அட்டையால் ஒரு பயணம் நின்றுபோகிறது என்றால், அந்தப் பயணத்தை அவர்தான் போக வேண்டும். இதில் ஆண்டவருக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை. இது தொழில் ஒழுக்கம்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு அவர் கோத்தா கோலா மூடாவில் இருந்தார். ஆறு கடலில் விழும் இடத்தில் படகுகள் வந்து நின்றிருந்தன. மீன் கூடைகளை இழுக்கிறார்கள், ஐஸ் உடைக்கிறார்கள், மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஒரே சத்தம். பிச்சையைத் தெரியுமா என்று அனந்தன் நாலு பேரிடம் கேட்டார். "இப்பதான் இங்க நின்னான்," என்றார்கள் நாலு பேரும். அழகம்மா சொன்ன அதே பதில். ஒன்பது வருடம் இதைக் கேட்டுக்கொண்டு ஒரு பெண் இந்த மீன் தண்ணீரில் நடந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே ஐந்தாவது ஆளைத் தேடி நடந்தார்.

ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் ஒருவன் நின்று பேருந்து நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒட்டிய கன்னம், முட்டிவரை ரப்பர் பூட்ஸ். மேலே மட்டும் மடிப்புக் கலையாத சட்டை. வந்து நின்ற பேருந்து காலியாகிப் புறப்பட்டுப் போயிற்று. அவன் இரண்டடி முன்னால் வந்து, போன பேருந்தை எட்டிப் பார்த்தான்.

"பிச்சையா?" என்றார் அனந்தன்.

ஓட நினைத்தவன் அனந்தனின் முகத்தைப் பார்த்து நின்றான். "நீங்க யாருண்ணே?"

"உங்க அக்காவைத் தெரிஞ்சவன்."

"அக்கா ஏன் வரல? ஒடம்புக்கு ஏதாச்சுமா? இது ரெண்டாவது பஸ்சு. மொத பஸ்ல இல்ல. இதுலயும் இல்ல. ஒரு மாசம் தவறினதில்ல அது."

"அவங்க வர்றது உனக்குத் தெரியுமா?"

"மாசா மாசம் இங்கருந்துதான் பாப்பேன். நடந்து போகும், எல்லாருகிட்டயும் கேக்கும், அந்த பெஞ்சுல ஒக்காந்து தண்ணி குடிக்கும். திரும்ப பஸ் ஏறுற வரைக்கும் பாப்பேன்."

"முன்னால போய் நிக்கிறதுதானே?"

பிச்சை தலையைக் குனிந்தான். "மூஞ்சில முழிக்காதன்னு சொன்னாங்கண்ணே. அதான் முழிக்கல. அவங்க மூஞ்சிய நான் பாத்துக்குவேன்." பிறகு நிமிர்ந்தான். "குடிய விட்டு நாலு வருசமாச்சு. அடுத்த பஸ்ல நானே போறதா இருக்கேன், சட்டை மாத்தியாச்சு. செத்துகித்துப் போயிருந்தா என்னண்ணே பண்ணுவேன்?"

"நல்லாத்தான் இருக்காங்க. காடியில ஏறு," என்றார் அனந்தன்.

வழியெல்லாம் பேசினார்கள். அக்கா வராமல் போனதற்குக் காரணமான அட்டையைப் பற்றி அனந்தன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இவனிடம் சொல்வது சுலபமாக இருந்தது, இவன் கையில் குழாய் இல்லை. பிச்சை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"நூறுல ஒன்னுன்னு எழுதிருக்கீங்களே, அது நான்தானேண்ணே?"

அட்டையில் தட்டும்போது அனந்தனுக்கு ஒன்று என்பது வெறும் எண்ணாக இருந்தது. இப்போது அது பக்கத்து இருக்கையில், பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தடவிக்கொண்டு, மீன் வாடையோடு உட்கார்ந்திருந்தது.

"ஆமாப்பா," என்று சொல்லி, கையை நீட்டி பெல்ட்டை மாட்டிவிட்டார்.

அழகம்மா தன் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காடியிலிருந்து இறங்கியது யார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் ஓடிவந்து துடைப்பத்தால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். "முழிக்காதன்னா முழிக்கவே மாட்டியாடா? ஒரு பேச்சுக்குச் சொன்னா ஒன்பது வருசமாடா?" பிறகுதான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிச்சை மடிப்புச் சட்டை கசங்க நின்றான். அனந்தன் காடியின் கண்ணாடியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

சோறு போட்டு, தம்பியைச் சாப்பிடவைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். அனந்தன் எழுந்து நின்றார். இதற்குமேல் தள்ளிப்போட இடமில்லை.

"அழகம்மா, அந்தக் கார்டு ஆண்டவர் சொன்னதில்லை. நான் எழுதினது. என் பெயரைத்தான் 'அன.'ன்னு போட்டேன். வெட்டும்போது மாறி உங்க கைக்கு வந்துட்டது. உங்களுக்கு வரவேண்டியது இது," என்று சட்டைப்பையிலிருந்த அட்டையைக் கொடுத்தார். துடைப்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் கவனித்துக்கொண்டார்.

அவள் அட்டையைப் படித்தாள். படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவரு சொல்லலியா?"

"இல்லை."

"அண்ணே, புதன்கெழமைலேருந்து நான் அவர்கிட்ட பேசல. ஜெபம் பண்ணல. சோத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லல. கூட்டத்துல நல்லவளாட்டம் சரின்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து திட்டித் தீத்துட்டேன். ஆடு தேடிப் போனவருன்னு ஊரெல்லாம் பேரு, எந் தம்பின்னா மட்டும் விட்டுறச் சொல்றீங்களான்னு வாய்க்கு வந்தபடி கேட்டேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம், அவரு ஒன்னுமே சொல்லல, சும்மா வாங்கிக் கட்டிகிட்டாரு."

"என்னாலதான்."

"ஒங்களாலதான். நாளைக்கு நான் போயி மன்னிப்புக் கேக்கணும். நீங்களும் வரணும்."

"நான் மேலே வர்றதில்லையே, அம்மா."

"தெரியும். கீழ ரொட்டி சானாய் தின்னுகிட்டு இருப்பீங்க. நாளைக்கு ஒருநாள் ரொட்டிய விட்டுட்டு வாங்க. நீங்க நம்பணும்னு நான் சொல்லல. சொன்னது நீங்க, திட்டு வாங்குனது அவரு. நீங்க நேர்ல வந்து என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்றதுதான நாயம்?"

அனந்தன் அந்த வாதத்துக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் சொட்டவில்லை.

சாயங்காலம் வீட்டில் சுகந்தினியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது ஒரு கடைசி முயற்சி செய்தார். "ஒண்டு கவனிச்சியோ? அவ தேடிப் போகாததாலதான் அவன் வெளியில வந்தவன். அப்ப என்ர வசனம் வேலை செய்திருக்கு."

"அப்பிடியோ?" என்றாள் சுகந்தினி. "தேடிப் போகாதே எண்டு எழுதினவர் விடிய எழும்பிப் பெட்ரோல் போட்டு எங்க போனவர்? போய்க் குளியுங்கோ. சட்டையெல்லாம் மீன் நாத்தம்." ஆனால் இரவுச் சாப்பாட்டில் நண்டுக்கறி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடைக்காரர் வழக்கம்போல ரொட்டியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். அனந்தன் கையசைத்து வேண்டாம் என்றார். சுகந்தினிக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறினார். இருபத்திரண்டு என்பது கீழேயிருந்து எண்ணிய கணக்கு, ஏறியபோதும் சரியாகத்தான் இருந்தது. மேலே பாஸ்டர் பரஞ்சோதி அவரைப் பார்த்துப் பாட்டில் ஓர் அடியைத் தவறவிட்டார். அனந்தன் பின்வரிசையில் அழகம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு அந்தப் பக்கம் பிச்சை, புதுச்சட்டையில்.

ஜெப நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். அழகம்மா முணுமுணுவென்று வெகுநேரம் பேசினாள், நடுவில் ஒருமுறை சிரித்துக்கொண்டாள். அனந்தன் கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார். தான் நம்பாத ஒருவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எந்தக் கிரேக்கரும் எழுதிவைக்கவில்லை. கடைசியில், பொய் கலக்காமல், மனதுக்குள் இப்படிச் சொன்னார்: நீங்கள் இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. அந்த அட்டை என்னுடையது. உங்கள் பெயரில் போய்விட்டது, பேச்சும் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அனந்தன்.

அழகம்மா முழங்கையால் மெல்ல இடித்தாள். "சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அனந்தன் சுவரை இன்னொரு முறை பார்த்தார். "ஒன்னும் சொல்லலை."

"பொறுங்க," என்றாள் அழகம்மா, தம்பியின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தபடி. "ஒன்பது வருசம்கூட ஆகும்."